கம்பளி, பாலம், எலுமிச்சை

டாக்டர் ஹெப்சிபா ஒரு டெஸ்ட் எழுதுவதற்கு முன்னால் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வாள். முடிவு இப்படி வந்தால் என்ன செய்வேன், அப்படி வந்தால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்றால் பேனாவை மூடிவிடுவாள்.

பாளையங்கோட்டையில் தொழில் செய்யும் ஒரு நரம்பியல் மருத்துவருக்கு இது அத்தனை நல்ல குணமல்ல. தலைவலிக்கு ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்குத் திரும்புவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற ஊர் இது. "அந்தம்மா முட்டியத் தட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாவ" என்று புலம்பிக்கொண்டே எதிர்த் தெருவுக்குப் போய் ஸ்கேன் எடுப்பார்கள். அதிலும் ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் நிம்மதியாகப் பரோட்டா இறங்கும். ஹெப்சிபாவுக்கு முன்பெல்லாம் இதில் கோபம் வரும். இப்போது சலிப்புதான் வருகிறது.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. மறதி என்று வருகிறவர்களிடம் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்து, வேறு பேச்சுப் பேசிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்த மூன்றையும் கேட்பது. எல்லா ஊர் நரம்பு டாக்டர்களும் செய்வதுதான். ஆளாளுக்கு ஒரு மூன்று வைத்திருப்பார்கள். ஹெப்சிபாவுடையது கம்பளி, பாலம், எலுமிச்சை. படிக்கிற காலத்தில் யாரோ சீனியர் சொல்லக் கேட்டு ஒட்டிக்கொண்டது. திருநெல்வேலி வெயிலில் கம்பளியை யார் கண்டார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. கை நாடியைத் தேடும்போதே நாக்கு அந்த மூன்றையும் சொல்லிவிடும்.

முட்டு வந்த பிறகு இந்த மூன்று வார்த்தைகளுக்கு மவுசு கூடிவிட்டது.

அந்தக் கருவிக்குக் கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. தார் தள்ளிய வாழை சாயாமலிருக்க நட்டுவைக்கிற கம்பின் பெயரையே தாமிரபரணிக் கரைக்காரர்கள் அதற்கு வைத்துவிட்டார்கள். காதுக்குப் பின்னால் மண்டையோட்டுக்கு உள்ளே அரிசி அளவில் ஒன்று. வெளியே, தோலோடு ஒட்டிக்கொண்டு சட்டைப் பொத்தான் அளவில் இன்னொன்று. மறதி நோயில் சாய்ந்துகொண்டிருக்கும் மூளையை அது தாங்கிப் பிடிக்கும். வெளிப் பொத்தானைத் தினமும் காலையில் கழற்றிச் சார்ஜ் போட வேண்டும். அந்த நேரம் மட்டும் வீட்டில் ஒரு அந்நியர் உட்கார்ந்திருப்பார். மறுபடி மாட்டினால் அப்பாவோ அம்மாவோ திரும்பி வந்து, காபி ஏன் ஆறிக் கிடக்கிறது என்று சத்தம் போடுவார்கள்.

முப்பிடாதி வந்தால் அவளுக்கு முன்னால் அவள் சத்தம் வந்துவிடும்.

"டாக்டரம்மா, வெளிய ஒரு பய என்னையப் பாத்து, பாட்டி உக்காருங்கங்கான். எனக்கு என்ன வயசாயிட்டு?"

"அறுபத்தொண்ணு," என்றான் பின்னால் வந்த இசக்கிராஜ்.

"உங்களக் கேக்கல."

முப்பிடாதி அரசுப் பேருந்தில் தென்காசி வழித்தடத்து டிரைவராக இருந்தவள். இசக்கிராஜுக்கு வாழைக்காய் மண்டி. அந்தக் காலத்தில் அவன் பஸ்ஸில் ஏற்றிய தார்களுக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்காமல் ஏய்க்கப் பார்த்தான் என்றும், டிக்கெட் வாங்குகிறவரை அவள் வண்டியை எடுக்கவில்லை என்றும், ஏறியிருந்தவர்கள் அவனைத் திட்டின திட்டில்தான் கல்யாணமே முடிவானது என்றும் அவள் சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் தார்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

நோய் அவளைப் பிடித்தது ஆலங்குளத்தில். பஸ்ஸை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பயணிகள் சண்டை போடவில்லை. ஒரு கிழவர் எழுந்து வந்து, "நேரா விடு தாயி, நா சொல்லுதேன்" என்று பக்கத்தில் நின்றுகொண்டார். தென்காசிவரை அவர் வழி சொல்ல, அவள் ஓட்டினாள். டிப்போவில் சாவியைக் கொடுத்துவிட்டு அழுதாள். அதற்கப்புறம்தான் ஹெப்சிபாவிடம் வந்தார்கள், முட்டு வைத்தார்கள். மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஹெப்சிபா வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண், கை, நடை. "நாக்க நீட்டுங்க."

நாக்கின் பக்கவாட்டில் கருநீலமாக ஒரு காயம் இருந்தது. சோற்றை மெல்லும்போது நாக்கைக் கடித்தால் நுனியில் படும். பக்கவாட்டில் பட்டால் அது தூக்கத்தில் வந்த வலிப்பாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம்.

"இது என்ன?"

"முறுக்கு கடிச்சேன்," என்றாள் முப்பிடாதி. இசக்கிராஜ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான்.

ஹெப்சிபா பேனாவைத் திறந்தாள். இது எழுத வேண்டிய டெஸ்ட். முட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு, மூளை சொந்தமாக இன்னும் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிற டெஸ்ட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தே ஆக வேண்டும். 'நிறுத்திப் பார்க்கிறது' என்றாலே வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். போன தடவை இசக்கிராஜும் பார்க்க மாட்டாமல் வெளியே போய்விட்டவன்தான்.

இன்றைக்கு அவனே சொன்னான். "நிறுத்திப் பாத்துருவோமே டாக்டர். நானும் இங்கனயே இருக்கேன்."

ஹெப்சிபாவுக்கு அது என்னவோ போலிருந்தது. ஆனாலும் பொத்தானைக் கழற்றினாள்.

முப்பிடாதியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. பார்க்கிறவர்களுக்கு அது ஒருபோதும் பழகாது. கைகள் மடியில் எதையோ தேடின. கண்கள் ஜன்னலுக்குப் போய், விளக்குக்குப் போய், பயந்துபோய்த் திரும்பின. பிறகு புருஷன்மேல் வந்து நின்றன.

"இவர் யாரு தெரியுதா?" என்று கேட்டாள் ஹெப்சிபா.

முப்பிடாதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஹெப்சிபா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பதில் இல்லை என்று முடிவு செய்து அடுத்ததற்குப் போனாள்.

"சரி. இப்ப நான் மூணு வார்த்தை சொல்லுதேன், நீங்க..."

"கம்பளி," என்றாள் முப்பிடாதி. "பாலம். எலுமிச்சை."

அவள் டாக்டரைப் பார்க்கவே இல்லை. பார்வை இசக்கிராஜ்மேலேயே இருந்தது. ஒப்பிக்கிற பிள்ளை, சொல்லிக்கொடுத்த வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது. இசக்கிராஜ் தரையைப் பார்த்தான்.

ஹெப்சிபா பொத்தானை மறுபடி மாட்டினாள். முகம் நிறைந்து வந்தது. முப்பிடாதி ஒரு பெருமூச்சு விட்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்ன, பாஸா?"

"நான் சொல்றதுக்கு முந்தியே சொல்லிட்டீங்க," என்றாள் ஹெப்சிபா.

"போச்சு," என்றாள் முப்பிடாதி. நெற்றியில் அடித்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "கொஞ்சமாச் சொல்லிக் குடுங்கன்னேன். சார்ஜ் போடும்போது வாராளே, அவளுக்கு அளவுக்கு மீறி ஏத்தி விட்டுட்டீங்க."

"டாக்டர், அவ மேல தப்பில்ல, நான்தான்..." என்று ஆரம்பித்தான் இசக்கிராஜ்.

"நீங்க சும்மா இருங்க. நான்தான் சொன்னேன் டாக்டரம்மா. நீங்க எல்லாருக்கும் அதே மூணுதான் சொல்லுவீங்க. வெளிய காத்துக் கெடக்கிற முக்காவாசிப் பேருக்கு அது மனப்பாடம். சார்ஜ் போடுத நேரத்துல சும்மாதான உக்காந்திருக்கேன், பக்கத்துல உக்காந்து அந்த மூணையும் சொல்லிக்கிட்டே இருங்கன்னேன். டெய்லி சொன்னா கல்லுக்கூடப் படிக்கும்லா?"

ஹெப்சிபாவுக்கு முதலில் வந்தது வெட்கம். யாருக்கும் வார்த்தையை மாற்றாமல் இத்தனை வருடம் ஒப்பேற்றியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் பயம் வந்தது. நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பழசு தெரியுதான்னு பாக்குறதுக்கு இல்ல இந்த டெஸ்ட். புதுசா ஒண்ணு சொன்னா மூளை பிடிக்குதான்னு பாக்குறது. பிடிச்சாத்தான் உள்ள நரம்புக்கு உசுரு இருக்குன்னு அர்த்தம். முட்டு தானா எதையும் நெனைக்காது முப்பிடாதி. உங்க நரம்ப எழுப்பி விடும், அவ்வளவுதான். எழும்பலைன்னா இன்னும் பலமாத் தட்டும். ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? கதவு ஒடையும். அதுதான் வலிப்பு. ராத்திரி வந்துச்சா, இல்லையா?"

இசக்கிராஜ் ஆமாம் என்று தலையாட்டினான்.

"வலிப்புக்கு மாத்திரை குடுக்கலாம்லா?" என்றாள் முப்பிடாதி.

"அந்த மாத்திரை நரம்பைத் தூங்க வைக்கும். முட்டு எழுப்பப் பாக்கும். ரெண்டையும் சேத்துக் குடுக்க முடியாது."

"கொறச்சு வச்சு ஓட்டினா?"

"கொறச்சா, பாதி தெரியும் பாதி தெரியாது. அதுதான் உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கும். வலிப்பும் நிக்காது."

"அப்ப கழட்டணும்."

"ஆமா. விட்டா அடுத்த வலிப்பிலயோ அதுக்கடுத்ததுலயோ மூச்சு நின்னுரலாம். கழட்டிட்டா இன்னும் பல வருசம் இருப்பீங்க."

"யாரு இருப்பா?" என்றாள் முப்பிடாதி. சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் பேசி ஹெப்சிபா கேட்டதே இல்லை. "இது இருக்கும்போதுதான் டாக்டரம்மா நான் நான். காலைல சார்ஜ் போடும்போது வந்து உக்காருதாளே, அவ வேற யாரோ. அவளுக்கு இவுகளத் தெரியாது, பஸ்ஸத் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அவ பல வருசம் உக்காந்திருக்கதுக்காக என்னைய எதுக்கு அனுப்புதீங்க? நான் இப்படியே இருந்துட்டுப் போயிருதேன். நாலு மாசம்னா நாலு மாசம்."

முட்டு ஓடும்போது நோயாளி சொல்வது செல்லும் என்பது விதி. கழற்ற மாட்டேன் என்று அவள் எழுதிக் கொடுத்தால் ஹெப்சிபா கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவள் சொல்வது தப்பு என்று ஹெப்சிபாவால் சொல்லவும் முடியவில்லை. தனக்கு இப்படி ஆனால் தானும் இதையேதான் கேட்பாள். ஆனால் கேட்கப்பட வேண்டியவன் இன்னும் ஒருவன் அந்த அறையில் இருந்தான்.

"நீங்க என்ன சொல்லுதீங்க?" என்றாள் அவனிடம்.

இசக்கிராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"அன்னைக்கு ராத்திரி இவளுக்கு ஒதடெல்லாம் நீலமாயிட்டு டாக்டர். மூச்சில்ல. செத்துட்டான்னு நெனச்சேன். மடில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். பெறவு தானா மூச்சு வந்துச்சு. காலைல எந்திச்சு, ஏன் இப்படி முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு என்னையத் திட்டுதா." துண்டுக்குள்ளிருந்தே பேசினான். "என்னால இன்னொரு மட்டம் பாக்க முடியாது. கழட்டிருவோம் ஏட்டி."

முப்பிடாதி அவன் முகத்திலிருந்து துண்டை இழுத்தாள்.

"கழட்டிட்டா, நீ யாருன்னு கேப்பேன்."

"கேளு."

"சோறு வச்சாத் தட்டி விடுவேன்."

"விடு. மறுபடி வைக்கேன்."

"வேத்தாளு வீட்டுக்குள்ள வந்துட்டான்னு தெருவுல போயி நின்னு கத்துவேன்."

"உன் சத்தம் தெருவுக்குப் புதுசா?" என்றான் இசக்கிராஜ். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதாள். ஹெப்சிபா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். டாக்டருக்கு அழுகை வரக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் நோயாளி பார்க்கிற மாதிரி அழுவது முறையல்ல.

முப்பிடாதி மூக்கைச் சிந்திக்கொண்டாள். "சரி டாக்டரம்மா. வண்டிய டிப்போவுல விட்டுருவோம்."

ஒரேயடியாகக் கழற்றவில்லை. ஊருக்குப் போகவும் ஆட்களைப் பார்க்கவும் பேச வேண்டியதைப் பேசவும் பத்து நாள் கொடுத்தார்கள். தென்காசி பஸ்ஸில் ஒருமுறை போய் வர வேண்டும் என்று முப்பிடாதி கேட்டாளாம். பஸ் இப்போது டிரைவர் இல்லாமல் தானே ஓடுகிறது. முன் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் அது பிரேக் போட்ட லட்சணத்தைத் திட்டிக்கொண்டே போனாள் என்று இசக்கிராஜ் பிறகு சொன்னான். குறித்த நாளில் அவளே காதுக்குப் பின்னால் கையை விட்டுப் பொத்தானைக் கழற்றி, அவன் உள்ளங்கையில் வைத்தாளாம்.

ஹெப்சிபா அதற்குப் பிறகு தன்னுடைய மூன்று வார்த்தைகளை விட்டுவிட்டாள். ஆளுக்கொரு வார்த்தை, நாளுக்கொரு வார்த்தை. நாக்கு பழைய தடத்துக்கே ஓடும். பிடித்து நிறுத்துவாள்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அவர்கள் வந்தார்கள். முப்பிடாதி கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தது. பூவின் கட்டு ஆண்பிள்ளை கட்டியது என்று பார்த்தவுடனே தெரிந்தது. வலிப்பு வரவில்லை, சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பேச்சுத்தான் அநேகமாக நின்றுவிட்டது என்றான் இசக்கிராஜ். ஹெப்சிபா ரத்த அழுத்தம் பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. வேறு டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. எது எப்படி வந்தாலும் இனிச் செய்யப்போவது ஒன்றுதான்.

"தூக்க மாத்திரை மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. இவுக இங்கேயே இருக்கட்டும்."

இசக்கிராஜ் மருந்துக் கடைக்குப் போனான். முப்பிடாதி அவன் போன கதவையே பார்த்தாள். கைகள் மடியில் தேட ஆரம்பித்தன. ஹெப்சிபா அவள் கையைப் பிடித்தாள், அவள் உதறிக்கொண்டாள். எழுந்து வாசல்வரை போய் நின்று, பஸ் ஸ்டாண்டில் கூப்பிடுகிற பழைய குரலில் சத்தம் போட்டாள்.

"கம்பளி! பாலம்! எலுமிச்சை!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டு மூன்று பேர், பாடம் தெரிந்தவர்கள், திரும்பிப் பார்த்தார்கள். "கம்பளி! பாலம்! எலுமிச்சை!" என்று அவள் மறுபடியும் கத்தினாள். குரல் உடைந்தது.

மருந்துக் கடை வரிசையை விட்டுவிட்டு இசக்கிராஜ் ஓடிவந்தான். "இந்தா இருக்கேன் ஏட்டி. எங்கயும் போகல." அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். முகம் அமைதியானது.

ஹெப்சிபா இரண்டு பேரையும் உட்காரவைத்தாள்.

"எப்ப இருந்து இப்படிக் கூப்பிடுதாங்க?"

"மொதல்ல இருந்தே இப்படித்தான் போலுக்கு டாக்டர்," என்றான் இசக்கிராஜ். "அப்பமே, சார்ஜ் போடுத நேரத்துல நான் பக்கத்துல போயி உக்காந்தாலே சொல்லிருவா. பாடம் ஏறிட்டுன்னு நான் சந்தோசப்பட்டேன். எனக்கு அன்னைக்கு வெளங்கல. டெய்லி காலைல ஒண்ணுமே தெரியாம பயந்துபோயி உக்காந்திருக்கும்போது ஒரு ஆளு வந்து பக்கத்துல உக்காந்து இந்த மூணையும் சொல்லுதான். அந்த ஆளு பேரு இதுதான்னு நெனச்சிருக்கா. வீட்டுலயும் இப்படித்தான் கூப்பிடுதா. நானும் என்ன ஏட்டின்னு கேட்டுக்கிடுதேன்."

இவர் யாரு தெரியுதா? அன்றைக்கு இதே அறையில் ஹெப்சிபா கேட்டிருந்தாள். உதடு அசைந்ததைப் பார்த்தும் பதில் இல்லை என்று முடிவு செய்து அடுத்ததற்குத் தாவியிருந்தாள். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது அந்தப் பதில். அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். மூன்று வார்த்தைகளும் மனப்பாடம் என்று டாக்டருக்குப் பட்டது. 'அவளுக்கு இவுகளத் தெரியாது' என்று முப்பிடாதி தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டுப் போனாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. திருத்த யாருக்கும் தெரியவும் இல்லை.

தெரிந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? இல்லை. வலிப்பு வலிப்புதான், முட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஹெப்சிபாவின் கணக்குப்படி அது கேட்க வேண்டாத கேள்வி. ஆனால் காலையில் வந்து உட்காருகிற அந்த இன்னொருத்திக்கும் புருஷனைத் தெரியும் என்று அறிந்துகொண்டு அந்தப் பொத்தானைக் கழற்றியிருப்பாள் முப்பிடாதி. அது அவளுக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

நாற்காலியை நகர்த்தி அவள் எதிரே போட்டுக்கொண்டாள். எந்த மருந்தையும் மாற்றப்போகாத, எந்த முடிவுக்கும் உதவாத ஒரு டெஸ்ட்டை, தன் இத்தனை வருடத் தொழிலில் முதன்முறையாகச் செய்தாள்.

"முப்பிடாதி, இவர் யாரு?"

முப்பிடாதி இசக்கிராஜைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஹெப்சிபா இந்தத் தடவை அவசரப்படவில்லை.

"கம்பளி," என்றாள் முப்பிடாதி. "பாலம். எலுமிச்சை."

"சரியாச் சொல்லிட்டீங்க," என்றாள் டாக்டர்.